தொண்ணூறாம் நாள்

பிப்ரவரி.
சுப்பீரியர் ஏரி கரையோரம் இறுகிக் கிடக்கிறது.
மார்க்வெட்டில், மூன்றாம் மாடியில்,
இர்யா லம்பினன் இன்றைய பன்னிரண்டாவது எண்ணை அழுத்துகிறாள்.

பள்ளி முடித்து ஓராண்டு ஆனவர்கள்,
நூற்று நாற்பத்தாறு பேர்.
இருபத்தேழு எண்கள் இப்போது எவருக்கும் சொந்தமில்லை:
கட்டணம் கட்டாமல் அணைந்தவை,
வீடு மாறிப்போன அம்மாக்கள்,
"யாரது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடும்
ஒரு சித்தப்பா, இரண்டு முறை.

கேள்விகள் அவள் எழுதியவை அல்ல.
வேலை உண்டா. வாரம் இருபது மணி நேரமாவது உண்டா.
மாற்றுத்திறனாளி அல்லாதாரோடு
ஒரே கூரையின் கீழ், ஒரே கூலிக்கா.
மொத்தம் தொண்ணூறு நாளாவது ஆயிற்றா.
பதிலுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண்கள்.
ஐந்து என்றால் எதிலும் இல்லை.

டோரி லமேர்: ஒன்று.
கல்லூரியில் சமையல் படிக்கிறாள்.
அடுப்பு மணி கேட்காதென்று
சிவப்பு விளக்கு பொருத்திக் கொடுத்திருக்கிறார்களாம்.
தங்கைதான் போனில் சைகையைப் பேச்சாக்கினாள்,
நடுநடுவே அவளோடு சண்டையும் போட்டபடி.

அடுத்த வீட்டில் அம்மா எடுத்தாள்.
"ரஸ்ஸலா? சும்மா இருக்கிறான்."
பின்னால் எங்கோ மண்வாரி சிமெண்டைச் சுரண்டும் ஓசை.
அது யார் என்று கேட்கக் கேள்வித்தாளில் இடமில்லை.
கேட்டாள்.
"அவன்தான். விடியுமுன்னே ஐந்து வீட்டுப் படிக்கும்
பனி வாரிவிடுவான்."
கூலி?
"சும்மாதான்."
ஐந்து என்று எழுதினாள்.
சுரண்டல் நிற்கவில்லை.

வெண்டல் காங்கஸ் தானே எடுத்தான்.
அவன் விரல் தட்டுகிறது, கருவி பேசுகிறது.
பத்து நொடி காத்திருந்து அடுத்த கேள்விக்குப் போகவும்
என்கிறது கையேடு.
நாற்பது நொடி அவள் சன்னலைப் பார்த்தாள்.
பனி அகற்றும் வண்டி ஒன்று
தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தது.

"எண். பத். தொன். பது."

இஷ்பெமிங்கில் பழந்துணிக் கடை.
கோட்டுகளை அளவு பார்த்து மாட்டுகிற வேலை.
பொத்தான் அறுந்ததைத் தனிப் பெட்டியில் போடுவானாம்,
அது யாரும் சொல்லிக் கொடுக்காதது.
எண்பத்தொன்பதாம் நாள் இரவு
பனியின் பாரம் தாங்காமல் கூரை உள்ளே விழுந்தது.
கடைக்காரி காப்பீட்டுப் பணத்தோடு
மகளிடம் போய்விட்டாள்.

"வேறெங்காவது? ஒரு நாள், அரை நாள்?"
தன் குரலில் ஏறியிருந்த கெஞ்சல்
அவளுக்கே கேட்டது.

"மறுநாள். போனேன்.
பூட்டு. நின்றேன்.
ஒரு மணி நேரம்.
அது. கணக்கா?"

கையேடு முப்பத்தொன்றாம் பக்கம்
அவளுக்கு மனப்பாடம்.
இரண்டு விரலால் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி
நெற்றியில் வைத்துக்கொண்டாள்.
பொய் சொல்லலாம். ஒரே ஓர் இலக்கம்.
லான்சிங்கில் யாருக்குத் தெரியப் போகிறது?
ஆனால் அடுத்த ஆண்டு
இந்த ஊருக்கு வேலைவழிகாட்டி வேண்டுமென்று கேட்க
இந்தக் குறையைத்தானே அவள் காட்டியாக வேண்டும்.

"இல்லை, வெண்டல். கணக்கில் வராது."

நீண்ட தட்டல். அழிக்கிறான் போல.
மறுபடி தட்டல்.

"மற்றவர்கள்.
எத்தனை பேர். தொண்ணூறு?"

சொல்லக் கூடாதென்று விதி ஏதுமில்லை.
"நேற்றுவரை முப்பத்தெட்டு."

வண்டி மறுபடி போயிற்று.
இம்முறை திரும்பவில்லை.

"நல்லது" என்றது கருவி.
எல்லாச் சொல்லையும் போலவே அதையும்
ஏற்றமின்றி இறக்கமின்றி.

ஐந்து போடும் கட்டத்துக்குப் பக்கத்தில்
குறிப்புக்கு ஒரு கட்டம் உண்டு.
யாரும் படிப்பதில்லை, இருந்தாலும் உண்டு.
கூரை, பொத்தான் பெட்டி,
தொண்ணூறாம் நாளின் பேருந்துக் கட்டணம்,
போகவும் வரவும் அவன் கையிலிருந்து,
எல்லாம் எழுதிக்கொண்டே வந்தாள்.
கட்டம் நிரம்பி
அவள் சொல்லைப் பாதியில் வெட்டியது:
ஒரு மணி நேரம் நின்றான், பூட்டியிருந்த கத