நூற்றைம்பது சொற்களுக்குள்

ரொட்டர்டாமிலிருந்து மின்னஞ்சல்:
கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே உங்கள் அடையாளம்,
நூற்றைம்பது சொற்களுக்குள்,
வெள்ளிக்கிழமைக்கு முன்.

குருமண்வெளித் துறையில் நிற்கிறேன்.
பாதை இன்னும் அந்தக் கரையில்.
இங்கே பாதை என்பது தெருவல்ல,
மிதக்கும் இரும்புத் தட்டு, ஒரு எஞ்சின்,
பத்துப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்,
சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்த ஆசிரியைகள்.

கிழக்கு என்கிறாரே அந்தப் பெண்மணி,
எந்தக் கிழக்கு?
எனக்குத் தெரிந்தது எழுவான்கரை.
அம்மா களுதாவளை,
வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றி வளர்ந்தவள்.
மேற்கு படுவான்கரை. அப்பா பழுகாமம்.
வாவி கடந்து பெண்வீட்டுக்கு வந்தவர்
சாகும்வரை அந்தக் கரை மாப்பிள்ளை.
வகுப்பில் என் பெயர் எருமைத்தயிர்.
விடுமுறைக்குப் போனால் மச்சாள்மாருக்கு நான்
மணல்காரி.

தொண்ணூற்றெட்டில், மாமி வீட்டுக்குப் போகையில்,
இந்தக் கரையில் ஆமிக்காரன்
என் வண்ணக் குழாய்களை ஒவ்வொன்றாய் அமுக்கிப் பார்த்தான்.
அந்தக் கரையில் ஒரு அண்ணன்,
என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும்,
அவனும் அமுக்கினான்.
மஞ்சள் அவன் பெருவிரலில் ஒட்டிக்கொண்டது.
காற்சட்டையில் துடைத்தபடி
'படமா கீறுவீங்க?' என்றான்.
எத்தனையோ வருடம் கழித்து ஸ்கிப்போலில் கையுறை போட்ட ஒருத்தி.
அவள் அமுக்கவில்லை.
குப்பையில் போட்டாள்.

பாதை வந்துவிட்டது.
கொண்டுவந்த கன்வஸ் துணியைத் தட்டில் விரிக்கிறேன்.
ஆசிரியைகள் செருப்பைக் கழற்றுகிறார்கள்.
ஐயோ வேணாம், மிதிச்சு வாங்க.
டயர்கள் சேறு இழுத்துப் போகின்றன.
ஒரு மீன்பெட்டி ஒழுகுகிறது.
யாரோ வெற்றிலை துப்பிவிட்டு
என் முகத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்.

எஞ்சின் பிடிக்கும் அழகரெத்தினம் சொல்கிறார்:
'ஈரத் துணி தங்கச்சி.
மறுகா ஒருத்தன் சறுக்கி விழுந்தா
என்னத்தான் ஏசுவானுகள்.
நீங்க எந்தக் கரை ஆள்?'

வாயைத் திறக்கிறேன். எஞ்சின் சத்தம்.

இந்தப் பாதைக்குத் திரும்பத் தெரியாது.
போகும்போது முகமாய் இருந்த பக்கம்
வரும்போது முதுகு.
ஃபோனில் இதை எழுதுகிறேன்.
எழுதி, அழித்துவிடுகிறேன்.
அழகாய் இருக்கிறது,
அவர்களுக்கு உடனே பிடித்துவிடும்.

நடுவாவியில் ஒரு நீர்க்காகம்,
சிறகைக் காயப்போட்டபடி, கம்பொன்றில்.
அதைப் பற்றி எனக்கு எந்தக் கருத்தும் இல்லை.

மண்டூர்த் துறை.
எல்லாரும் இறங்கிய பிறகு துணியைச் சுருட்டுகிறேன்.
தூக்க ஏலாது.
இவ்வளவு தண்ணீரை எப்போது குடித்தது?

அழகரெத்தினம் கை நீட்டுகிறார்.
'உங்களுக்கு இருபது.
அதுக்கும் எடுக்கணும்,
ஒரு மோட்டார் சைக்கிள் பாரம் இருக்கும்.'

கொடுத்தேன். ரசீது கேட்டேன்.
காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து,
துணியை ஒருமுறை காலால் தள்ளிப் பார்த்து,
எழுதித் தந்தார்:
ஈரச் சாமான், ஒன்று.