வியாழக்கிழமைக் காதுகள்

நான் டாக்டர் இல்லை. காது அளப்பவள்.
ஷெஃபீல்டில், டிராம் பாதை வளையும் இடத்தில்,
இரண்டாம் மாடி.
வியாழன் காலை என்றால் டிரம்ஸ்காரர்கள்.
ஒரே நாளில் வரும்படி நான் கேட்கவில்லை;
சண்டை போட வசதியாக
அவர்களே பேசிவைத்துக்கொண்ட ஏற்பாடு.

உலகத்திலேயே பெரிய டிரம்ஸ்காரர் யார்?
பதினொரு மாதமாக ஒரே வழக்கு.
ஒருவருக்கும் காது கேட்காததால்
ஒருவரும் தோற்பதில்லை.

ஆலரன்ஷாவின் கட்சி, டாபி கிரீவ்.
ஒரு கையால் உருட்டுவானாம்,
மறு கையால் சிகரெட் பற்றவைப்பானாம்,
பாட்டு முடியும்வரை சாம்பல் உதிராதாம்.
"கிரேவியா? கேன்டீனில் தீர்ந்துவிட்டது"
என்பார் டல்லக்.
கிங்ஸ்டனில் பிறந்தவருக்கு வேகம் பொருட்டில்லை.
அவருடைய ஆள் அகஸ்டஸ் பெர்ட்.
நாலில் மூன்றாவது எண்ணிக்கைக்கு மட்டும் அடி;
மற்ற இடங்களில்
அடிக்காமல் இருக்கத் தெரிந்தவன்
என்று இரண்டு விரலால்
காற்றை நிறுத்திக் காட்டுவார்.

கிளெனிஸ் பாஷ்லி இருவரையும் தள்ளிவிடுவாள்.
ஆற்றங்கரை எஃகு ஆலையின் ஆவிச் சுத்தியல்தான், என்பாள்.
சம்பளம் கேட்டதில்லை,
பாடகியோடு ஓடிப்போனதில்லை,
பல்லவி வந்துவிட்டதே என்று பதறி
வேகம் கூட்டியதும் இல்லை.
"மனிதரில் சொல்!" என்று கத்துவார்கள்.
"மனிதரில் இல்லை."

தீர்ப்புக்கு என்னை இழுப்பார்கள்.
மத்தளத்துக்கு இரண்டு பக்கம் இடி,
எனக்கு மூன்று.
கொஞ்சம் அடக்கி வாசியுங்கள் என்று
எழுதியே காட்டினேன்.
அந்த ஒன்றுதான் அவர்களுக்கு வராது.

நான்காமவர் ஹின்ச்லிஃப்.
ஸ்கெக்னெஸ் கடற்கரையில், கோடை முகாம் நடன அரங்கில்,
இருபத்தாறு வருடம்.
கேள்வி முடியுமுன் பதில் வந்துவிடும்: "நான்தான்."
மூவரும் அண்ணாந்து சிரிப்பார்கள்.
அந்தச் சிரிப்பு மட்டும்
எப்படியோ அவருக்குக் கேட்டுவிடும்.

போன வாரம் அவரைக் கூண்டுக்குள் உட்காரவைத்தேன்.
கண்ணாடிக்கு அப்பால் அவர், இப்பால் நான்.
பீப் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும்.
அழுத்தினார்.
ஆயிரம் ஹெர்ட்ஸ், இரண்டாயிரம், நாலாயிரம்.
ஒலியைக் குறைத்துக்கொண்டே போனேன்.
எலி நடப்பதைவிடக் குறைவாக,
அப்போதும் அழுத்தினார்.
எழுபத்தெட்டு வயதில் பூனைக் காது!
ஒரு கணம் நம்பிவிட்டேன்.

பிறகுதான் என் விரலைக் கவனித்தேன்.
மதியக் களைப்பில் அது
ஒரே இடைவெளியில் விசையைத் தட்டிக்கொண்டிருந்தது.
எடுத்துவிட்டேன். ஒலியே இல்லை.
என் பக்கத்து விளக்கு எரிந்தது.
எரிந்தது.
மூன்று நொடிக்கு ஒருமுறை
எரிந்துகொண்டே இருந்தது.
தரையில்லாத இடத்தில் ஒருவர்
கைப்பிடிச் சுவரும் இல்லாமல் நடந்துபோகிறார்.
இரண்டு நிமிடம். முள் பிசகவில்லை.

வேண்டுமென்றே, இடம் தப்பி,
பலமாக ஒரு ஒலியை அனுப்பினேன்.
கேட்டது. நெற்றி சுருங்கியது.
ஆனால் அழுத்தவில்லை.
முந்திக்கொண்டு நுழைந்த கிட்டார்காரனைப் பார்ப்பதுபோல்
கண்ணாடி வழியே என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்
தன் இடம் வந்ததும் அழுத்தினார்.

படிவத்தில் அதற்கு ஒரே ஒரு கட்டம்:
'பதில்கள் நம்பத்தக்கவை அல்ல.'
குறி போட்டேன். பொய்யில்லையே.
மறுபடி சோதித்ததில்
இடது காது காலி, வலதில் கொஞ்சம் மிச்சம்.

இன்று கருவி மாட்டி அனுப்பினேன்.
வெளியே ஆலரன்ஷா
நாற்காலிக் கையில் தட்டித் தட்டி
டாபி கிரீவை நிரூபித்துக்கொண்டிருந்தார்.
ஹின்ச்லிஃப் நின்று, தலையைச் சாய்த்து,
முழுவதும் கேட்டார்.
"இத்தனை மாதமும் இப்படியா தட்டிக்கொண்டிருந்தாய்?"
கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.
"நான்தான்."

மூவரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்,
அரை நொடி பிந்தி.