கால் சுற்று

இஷா முடிந்து கீழக்கரைக் கடையின்
ஷட்டரை இறக்கும்போது வலது கை கேட்டது:
கருப்பு ஒயர் லக்கை முறுக்கினாயா?

சிவப்பை முறுக்கியது நினைவிருக்கிறது.
பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருநூறு ஆம்பியர் ஃபியூஸ்,
கட்டைவிரல் தடிமன் கேபிள்,
நாலு முழத்துக்கு மேல் விடவில்லை.
(பன்னிரண்டு வோல்ட் நடக்கப் பழகாத பிள்ளை,
தூரம் போனால் வழியிலேயே உட்கார்ந்துவிடும்.)
வெளிக் கரண்டும் இன்வெர்ட்டரும்
ஒருநாளும் முகம் பார்த்துக்கொள்ளாதபடி
நடுவில் சேஞ்ச் ஓவர்.
பெட்டியின் உடம்பிலிருந்து சேசிஸுக்கு எர்த்,
பெயின்ட்டைச் சுரண்டி,
துருவை முந்திக்கொண்டு வாசலின்.
அப்புறம் கருப்பு. நட்டை விரலால் திருகினேன்.
அப்போதுதான் டீ வந்தது.

ஏ.சி. ஓடுமா என்றார் ஈரோட்டுத் துரைசாமி.
மிக்ஸி ஓடுனா போதுமுங்க என்றார் ருக்மணியக்கா.
சிரித்துவிட்டு ஸ்பேனரைப் பையில் போட்டேன்.
அதேதான். பையில் போட்டேன்.

போன் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே.
வாலிநோக்கம் என்றுதான் சொன்னார்கள்.

ஏர்வாடி வரை காற்று முதுகைத் தள்ளியது.
பிறகு உப்பளம். நிலா இல்லை,
என் ஹெட்லைட் மட்டும்
பாத்தி மாறிப் பாத்தி கூடவே வந்தது.
தளர்ந்த லக் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.
முதலில் சூடு.
பிறகு பிளாஸ்டிக் வாசனை.
தூங்குகிறவர்களுக்கு வாசனை எட்டாது.

கப்பல் உடைக்கிற கரைக்கு இந்தப் பக்கம்
டெம்போ டிராவலர் நின்றது, உள்ளே விளக்கு.
மிக்ஸி இரண்டு சுற்று உறுமி நின்றது,
இன்வெர்ட்டர் கீச்சிட்டது.
"பேட்டரிக்காரன் ஏமாத்திப்போட்டானுங்க."
"உப்புக்காத்து பாருங்க,
ஒரு தடவ பாத்துட்டுப் போயிரலாம்னு..." என்றேன்.

சீட்டைத் தூக்கினேன். லக் சுட்டது.
எல்லாவற்றையும் அணைத்து, ஃபியூஸைக் கழற்றி,
ஆறும்வரை ஊர்க்கதை பேசி,
ஸ்பேனரை வைத்தேன்.
கால் சுற்று.
அவ்வளவுதான் பாக்கியிருந்தது.

மிக்ஸி ஒரே மூச்சில் தேங்காயை முடித்தது.
இந்நேரத்துல இத்தனை தூரம் யாருங்க வருவாங்க என்று
ருக்மணியக்கா பெட்ரோலுக்கு இருநூறு நீட்டினார்.
பணத்தை வாங்கவில்லை.
உண்மையையும் சொல்லவில்லை.
பேட்டரிக்காரனைத் திட்டாதீங்க என்று மட்டும்
இரண்டு முறை சொன்னேன்.
மூன்று தோசை தின்றேன்.
சட்னியில் உப்பு கூடுதல்.
நல்லாயிருக்கு என்றேன்.