குடத்தனைக்கு ஒரு ஹயர்

பருத்தித்துறை பஸ் ஸ்ராண்டில் ஏறியவள்
கம்பஸ் பிள்ளை. பெயர் மிதுர்ஷா.
மடியில் ஐஸ்கிறீம் பெட்டி, கழுத்தில் பூதக்கண்ணாடி.
குடத்தனை தாண்டி மணல் பிட்டிகளுக்குள்
சதுப்பொன்று கிடக்குதாம்.
போக வர எவ்வளவு, நிண்டால் எவ்வளவு
எண்டு முதலே கேட்டு எழுதிக்கொண்டாள்.

தை மாதம். மாரித் தண்ணி இன்னும் வற்றவில்லை.
கால் வைத்த இடமெல்லாம்
அரைவாசி வெந்த களி மாதிரி அமுங்கியது.
என் இடது செருப்பை மண் வாங்கிக்கொண்டது,
மிச்சக் காசு தரவில்லை.

அவள் படுத்துவிட்டாள்,
உடுப்போடு, வயிறு ஈரத்தில் பட.
"அண்ணை, இஞ்ச."
ரண்டு ரூபாய்க் குத்தி அகலத்தில் ஒரு சிவப்பு.
இலையெல்லாம் மயிர், மயிர் நுனியெல்லாம் துளி.
பத்து மணி வெயிலில் எங்கிருந்து இந்தப் பனி?
"பனியில்லை, பசை" என்றாள். "அழுகண்ணி."

பிறகு தண்ணிக்குள் ஒரு மஞ்சள் பூ.
வேரில்லை. அடியில் கடுகு கடுகாய்ப் பைகள்,
கிட்டப் போனதை உறிஞ்சி இழுக்குமாம்.
பெயர் சொன்னாள். மறந்துபோனேன்.

"ஏன் இதுகளுக்கு இந்தப் பிழைப்பு?"
"மண்ணில ஒண்டும் இல்லை, அண்ணை.
மற்றச் செடியெல்லாம் விட்டிட்டுப் போன இடம்."
நான் பேசாமல் ஓட்டோ நின்ற பக்கம் பார்த்தேன்.
கூடப்பிறந்த நாலு பேரும் நாலு நாட்டில்.

அப்போதுதான் கண்டேன்.
இலையில் ஒரு இலையான்.
ஒற்றைச் செட்டை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது,
பழுதான வைப்பர் போல.
நெருப்புக்குச்சி எடுத்தேன்.
அவள் தடுக்கவில்லை. கொப்பியில் நேரம் குறித்தாள்.
நெம்பினேன். வந்தது.
கால் ஒன்று அங்கேயே நின்றுவிட்டது.
பறக்கவுமில்லை. குச்சி நுனியில் ஒட்டியபடி
என்னைப் பார்த்தது, அல்லது பார்க்கவில்லை.
செடிக்கும் பட்டினி, இதுவும் உருப்படாது.
ஒரு குச்சியால் ரண்டு நட்டம்.

நிண்ட நேரத்துக்கு எழுநூறு வாங்கினேன்.
சீற்றில் காய்ந்த சேற்றை
மூன்று நாள் துடைக்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள் ஹயர் இல்லை. தனியே போனேன்.
தண்ணி வற்றி, மண்
அப்பளமாய் வெடித்துக் கிடந்தது.
முழங்காலில் நின்று பார்த்தேன், சிவப்பைக் காணவில்லை.
விரலில் ஒட்டியது ஒரு பொட்டுக் கறுப்பு,
விதையோ, தூசியோ.
அவளிடம் கேட்கலாம். நம்பர் வாங்கவில்லை.

மாடு சாய்த்துக்கொண்டு போனவர் நின்றார்.
"என்ன தம்பி துலைச்சனீர்?"
ஒரு செருப்பு, என்றேன்.
அவரும் குனிந்து தேடத் தொடங்கினார்.