திறந்து வைத்த கர்சர்

இரவு பதினொன்றுக்கு நகலெடுத்த பட்டியலில்
பதினான்காம் படுக்கை: சுபோத் மண்டல், மால்டா.
இட்டரேட்டர் அவரைத் தொட்டது,
அடுத்தது என்றது.
அதற்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான்.
லத்தேரியில் நிற்காத எக்ஸ்பிரஸ்போல
ஒவ்வொரு பெயரும் ஜன்னலில் ஒருமுறை.
ஒரு வரி பின்னால் போ என்றால்
கிளம்பிய ஊரிலிருந்துதான் மறுபடி வரவேண்டும்.

ஒன்றரைக்கு வார்டிலிருந்து நிலோஃபர்:
"பதினாலு காலி. பன்னெண்டுக்கே போயிட்டார்.
உன் லிஸ்ட் இன்னும் அவருக்குக் காலை ஊசி எழுதுது."

இந்த ஊரில்
போயிட்டார் என்பதற்கு இரண்டு அர்த்தம்.
நள்ளிரவில் யாரும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்,
ஆனால் விடிகாலை ஹவுரா ரயிலென்றால்
கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களும் உண்டு.
நான் கேட்கவில்லை.

நகலை விட்டேன். கர்சரைத் திறந்தேன்.
இது உயிருள்ள அட்டவணையின்மேல்
விரல் வைத்து நிற்பது.
முன்னால் போகும், பின்னால் வரும்,
விரலுக்கடியில் இருப்பதைத் திருத்தவும் விடும்.
மண்டல் வரியில் நிறுத்தினேன்.
காரணம் என்ற கட்டம் காலி.
என்ன எழுத?
யோசிக்க டீ வேண்டியிருந்தது.

காந்தி ரோட்டில் லாட்ஜ் போர்டுகள்
வங்காள எழுத்தில் விழித்திருந்தன.
சர்க்கரை கம்மி என்று சொல்ல மறந்தேன்.

திரும்பினால் போன் அடித்துக்கொண்டிருக்கிறது.
பில் கவுன்டர் ஜெபக்கனி:
"அந்த மண்டல் பேருக்கு மட்டும் சக்கரம் சுத்துதுங்க.
மத்த எல்லாருக்கும் வருது.
பையன் முக்கால் மணியா நிக்கிறான்,
வண்டி வேற வெளியே காத்திருக்கு."

என்ன வண்டி?
அதையும் கேட்கவில்லை.

என் விரல்.
நான் டீ குடித்த நேரமெல்லாம்
மூன்றாம் மாடியிலிருந்து அந்த வரியை அழுத்திக்கொண்டு
யாரையும் எழுத விடாமல்.
இட்டரேட்டர் பொய் சொல்லியிருக்கும், சரி.
ஆனால் ஒருவரையும் நிற்க வைத்திருக்காது.

கட்டத்தைக் காலியாகவே விட்டேன்.
மூடினேன்.
கீழே பிரின்டர் தாளை இழுக்கும் சத்தம்
இவ்வளவு உயரத்துக்குக் கேட்காது.
கேட்டது.

நாலரைக்குப் பதினான்கில்
குடியாத்தத்துப் பெண் ஒருத்தி. வயது முப்பத்தொன்று.

பதினொன்று மணி நகலில் மட்டும்
சுபோத் மண்டல் இன்னும் படுத்திருக்கிறார்,
காலை ஊசி பாக்கியோடு.
வேலை முடிந்ததும் அழிக்கவேண்டிய கோப்பு.
ஷிப்ட் முடிந்துவிட்டது.