நாற்பத்து மூன்று

கிரிம்ஸ்பியில், மீன் துறைமுகத்துக்குப் போகும் சாலையில்
எங்கள் கடை.
வாராவாரம் விற்பனைக் கணக்குக் கேட்கும் கடைகளின் பட்டியலில்
அது இல்லை.

எண்பத்து மூன்று, பிப்ரவரி.
ஹேஸல் தோர்ப்பின் அந்த ஒரு பாட்டு மட்டும்
சனிக்கிழமை மாலைக்குள் அறுபது தட்டு விற்றேன்.
செதில் ஒட்டிய விரல்களால் சில்லறை எண்ணித் தந்தார்கள்.
ஈரநாற்றம் திங்கள்வரை கல்லாவில் இருந்தது.
லண்டனுக்கு அது பூஜ்யம்.

கணக்கில் இருந்த கடை மூன்று தெரு தள்ளி.
அங்கே தட்டு தீர்ந்துவிட்டது.
அடுத்த கட்டு பனியில் மாட்டிய லாரியில்.
"வியாழக்கிழமை பாருங்கள்" என்றார்களாம்.
வியாழனுக்குள் ஊரில் பாதி
வானொலிக்கு முன் கேசட்டைப் போட்டு
சிவப்புப் பொத்தானில் விரல் வைத்துக் காத்திருந்து
பிடித்துவிட்டது,
அறிவிப்பாளரின் இருமலோடு சேர்த்து.

நாற்பத்து மூன்று.
நாற்பதுக்குள் வந்தால்தான் தொலைக்காட்சி.
ஹேஸல் அதற்கென்று தைத்த பச்சைக் கவுனை
தங்கையின் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரம் முதலிடத்தில் இருந்தது எது?
விசாரித்துப் பார்த்தேன். ஒருவருக்கும் நினைவில்லை.
விற்ற எனக்கே இல்லை.

நேற்று பல் மருத்துவரின் நாற்காலியில்
வாய் பிளந்து கிடக்கிறேன்,
கூரை ஸ்பீக்கரிலிருந்து ஹேஸல்.
மருத்துவர் கூடவே முணுமுணுக்கிறார்,
அந்த வருஷம் பிறந்தே இராதவர்,
ஒரு சொல் பிசகாமல்.
பிறகு கேட்கிறார்:
"இது அப்போ நம்பர் ஒன்தானே?"

வாய் நிறையப் பஞ்சு.
தலையை ஆட்டினேன்.