ரெண்டு கொடி

ஒன்பது சுற்றில் ஆறரைப் புள்ளி.
கொல்லத்து நடுவர் மூன்று தடவை கூட்டினார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"மோளே, நார்ம் கிட்டில்ல."

ஆட்டத்தில் பிசகில்லை.
எதிரே உட்கார்ந்தவர்களில்
ரெண்டு கொடி வேறாக இருக்கவேண்டுமாம்.
எனக்கு வாய்த்தது ஒரே ஒரு உஸ்பெக்.
முப்பிடாதி என்று சொல்லிப் பார்த்து
முடியாமல் கைகுலுக்கலோடு விட்டுவிட்டார்.
போலந்துக்காரர் ஆறாம் சுற்றோடு
வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்.
மீன்குழம்பு என்றார்கள்.

வைக்கோல் இறக்கிவிட்டு
வெறும் லாரியோடு வாசலில் நின்றார் அப்பா.
"செயிச்சியாட்டி?"
"செயிச்சேன்."
"பெறவு ஏன் மூஞ்சி இப்பிடி?"

தென்மலை வரைக்கும் சொல்லிப் பார்த்தேன்.
நார்ம் மூன்று வேண்டும், கையில் ஒன்று.
மூன்றும் வந்தாலும் ரேட்டிங்கில்
இன்னும் நாற்பத்தோரு புள்ளி ஏறவேண்டும்.
ஏற ஒரு வருஷம்,
இறங்க ஒரு மத்தியானம்.
தலையாட்டினார்,
அபராதச் சீட்டை வாசிக்கும் போலீசுக்கு
ஆட்டுவது போல.

பின் டயர் நாலும் வழுக்கை.
சித்திரையில் மாற்ற வைத்திருந்த பணம்தான்
நுழைவுக் கட்டணம், அறை வாடகை,
செல்போனில் சொல்லித்தரும் சென்னைக்காரருக்கு
மணிக்கு ஆயிரத்து இருநூறு.
டயரைப் பற்றி அவர் பேசவில்லை.
நான் பார்க்காத மாதிரி ஏறிக்கொண்டேன்.

ஆரியங்காவில் கை காட்டி நிறுத்தி
டார்ச் அடித்துவிட்டு அனுப்பினார்கள்.
புளியரையில் மறுபடி அடிப்பார்கள்.
பத்தொன்பது வருஷமாக
வாரம் நாலு தரம் எல்லை தாண்டுகிறார் மாடக்கண்ணு.
ஒரு தரமாவது வெளிநாட்டுக்காரர் ஆகியிருந்தால்
எதிரே உட்காரவைத்து
கணக்கை முடித்திருப்பேன்.
சிரிப்பு வந்தது. சொல்லவில்லை.

எஸ் வளைவில் கியரைக் குறைத்தார்.
எதிரே ஒரு தக்காளி லாரி, விளக்கைத் தணிக்காமல்.
எங்கள் வண்டி ஓரம் தேடி ஒரு முழம் வழுக்கியது.
எனக்கோ எட்டாம் சுற்று:
முப்பத்தொன்றாம் நகர்த்தலில்
யானையை எஃப் வரிசைக்குக் கொண்டுவந்திருந்தால்
அந்த அரைப் புள்ளியும்.
வந்திருக்கும்.
போலந்துக்காரர் வந்திருக்க மாட்டார்.

"அடுத்தது எங்கட்டி?"
"செர்பியாவுல. அங்க எல்லாருமே வெளிநாட்டுக்காரங்க."
"நீயுமா?"
"நானுந்தான்."
கொஞ்சநேரம் இன்ஜின் சத்தம்.
"அது எந்தச் செக்போஸ்ட்டு வழி?"

கேலியோ என்று திரும்பினேன்.
ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்,
மெய்யாகவே வழி கேட்கிற முகத்தோடு.